ஹாலோவீன் தொடரை எங்கே நிறுத்துவது? நான்கு முடிவுகள், ஓர் ஒப்பீடு

‘ஹாலோவீன்’ திகில் படத் தொடரின் கடைசிப் படமாக 2022 அக்டோபரில் வந்த ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’ படத்தைப் பார்த்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்டால், ஒருவர் தலையில் அடித்துக்கொள்வார். இன்னொருவர் மொத்தத் தொடரிலும் அதுதான் துணிச்சலான படம் என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வேறு வேறு எதிர்பார்ப்போடு போய் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அதனால் “கடைசிப் படம் நல்லா இருக்கா?” என்று கேட்பதைவிட, “எனக்கு எந்த முடிவு சரிப்படும்?” என்று கேட்பது உருப்படியான கேள்வி.

காரணம், இந்தத் தொடர் ஒரு தடவை முடிந்த தொடர் இல்லை. 1978 முதல் 2022 வரை மொத்தம் 13 படங்கள். அவற்றில் முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸின் கதை முடிந்தது என்று நம்பி எழுந்து போகக்கூடிய இடங்கள் குறைந்தது நான்கு உண்டு. 1981, 1998, 2018, 2022. ஒவ்வொன்றும் மற்ற சில படங்கள் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. எதை மறக்கத் தயார் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் கடைசிப் படம் எது என்பது அமையும்.

முடிவுகளைப் பற்றிய கட்டுரை என்பதால் முடிவுகளைச் சொல்லாமல் எழுத முடியாது. நான்கையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். 1978 படத்தையே இன்னும் பார்க்காதவர்கள் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். 91 நிமிடம்தான்.

## எதை வைத்து எடைபோடுவது?

ரசிகர்கள் இந்தப் படங்களைப் பற்றிச் சண்டைபோடுவதைக் கவனித்தால், வாதம் சுற்றிச் சுற்றி ஐந்து விஷயங்களில் வந்து நிற்கும்.

முதலாவது, முடிவு முடிவாக நிற்கிறதா என்பது. ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் ஸ்லாஷர் படங்களில் ‘கடைசி’ என்ற வார்த்தைக்குப் பெரிய மரியாதை கிடையாது. ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ தொடரில் 1984இல் ‘இறுதி அத்தியாயம்’ என்று தலைப்பிலேயே அறிவித்தார்கள். அடுத்த வருடமே அடுத்த படம் வந்துவிட்டது. இன்னொரு தொடரின் கொலைகாரனான ஃப்ரெடி க்ரூகரை 1991இல் சாகடித்தார்கள், 1994இல் திரும்ப வந்தான். ஆக, முடிவு என்பது தயாரிப்பாளர் சொல்வதில் இல்லை. பார்க்கிறவருக்கு ‘போதும்’ என்று தோன்றுகிறதா என்பதுதான் கணக்கு.

இரண்டாவது, மைக்கேல் எவ்வளவு நேரம் திரையில் இருக்கிறான், எந்த நிலையில் இருக்கிறான். சிலருக்கு இதுதான் எல்லாமே. மூன்றாவது, முதல் படத்தில் அவன் துரத்தியும் தப்பித்த பெண் லோரி ஸ்ட்ரோடுக்கு நியாயம் கிடைத்ததா என்பது. ஜேமி லீ கர்டிஸ் 44 வருட இடைவெளியில் இந்தப் பாத்திரத்தில் ஏழு படங்களில் நடித்திருக்கிறார். அவருக்காகவே பார்ப்பவர்கள் ஏராளம்.

நான்காவது, வீட்டுப்பாடம். அந்த முடிவு புரிவதற்கு எத்தனை படம், எத்தனை மணி நேரம்? ஐந்தாவதுதான் பலர் யோசிக்காதது: மறைமுகச் செலவு. ஒரு முடிவை ஏற்றுக்கொண்டால் முதல் படத்தில் உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று கெட்டுப்போகலாம்.

| முடிவு | பார்க்கவேண்டிய வரிசை | மொத்த நேரம் | மைக்கேல் | லோரி | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| 1981 | 1978, 1981 | சுமார் 3 மணி | நிறைய | படுக்கையில் | ‘தங்கச்சி’ திருப்பம் |
| 1998 | 1978, 1981, 1998 | சுமார் 4½ மணி | அளவாக | முழு ஆளாக | 2002 படம் பக்கமே போகக்கூடாது |
| 2018 | 1978, 2018 | சுமார் 3¼ மணி | நிறைய | பாட்டியாக, துப்பாக்கியோடு | சாவு கண்ணால் காட்டப்படவில்லை |
| 2022 | 1978, 2018, 2021, 2022 | 7 மணிக்குக் கொஞ்சம் குறைவு | மிகக் குறைவு | அமைதியாக, பிறகு ஆவேசமாக | 2021 படம், புதுப் பையன் |

## 1981: ஆஸ்பத்திரியில் முடிப்பது

‘ஹாலோவீன் 2’ முதல் படம் முடிந்த அதே இரவில் தொடர்கிறது. ரிக் ரோசென்தால் இயக்கம், எழுத்து, முதல் படத்தை இயக்கிய ஜான் கார்ப்பெண்டரும் டெப்ரா ஹில்லும். முதல் படத்தில் இருந்த அதே ஆட்கள், அதே ஊர், அதே ராத்திரி என்பதால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே நீளப் படம் மாதிரி ஓடும். வீட்டுப்பாடம் என்று பார்த்தால் மிகக் குறைவான செலவு இதற்குத்தான்.

முடிவும் சுத்தமானது. லோரி மைக்கேலின் கண்களைச் சுட்டுவிடுகிறாள். அவன் பார்வை இழந்து கத்தியைக் காற்றில் வீசிக்கொண்டிருக்கும்போது அவனுடைய மனநல மருத்துவர் டாக்டர் லூமிஸ் அறையில் வாயுவைத் திறந்துவிட்டு, அவளை ஓடச் சொல்லிவிட்டு, லைட்டரைத் தட்டுகிறார். தீப்பிடித்த உருவம் நாலு எட்டு நடந்து வந்து விழுகிறது. முகமூடி எரிகிறது. வேட்டையாடியவனும் போனான், அவனைத் தேடி அலைந்தவரும் போனார். 1988இல் இரண்டு பேரையும் உயிரோடு கொண்டுவந்தது வியாபாரம். அதை நீங்கள் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

குறை என்னவென்றால், லோரிக்கு இந்தப் படத்தில் வேலையே இல்லை. பாதிப் படம் மயக்கத்தில் படுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியோ ஈ காக்கை இல்லாமல் கிடக்கிறது. ஒரு ஊரே கலவரப்பட்ட ராத்திரியில் அங்கே நோயாளிகள் எங்கே என்ற கேள்வி எல்லாருக்கும் வரும்.

பெரிய செலவு வேறு. லோரி மைக்கேலின் தங்கை என்ற திருப்பம் இங்கேதான் வருகிறது. முதல் படத்தில் அவன் ஏன் அவளைத் துரத்துகிறான்? வீட்டுத் தரகரான அப்பா சொன்னார் என்று, பூட்டிக் கிடக்கும் மையர்ஸ் வீட்டு வாசலில் ஒரு சாவியை வைத்துவிட்டுப் போகிறாள். உள்ளே கதவுக்குப் பின்னால் அவன் நிற்கிறான். அவள் கண்ணில் பட்டுவிட்டாள். அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை, அந்தக் காரணமின்மைதான் பயமே. ‘ரத்த சொந்தம்’ என்று ஒரு விளக்கம் வந்த பிறகு அது குடும்பக் கதை ஆகிவிடுகிறது. கார்ப்பெண்டரே அந்த யோசனையை நினைத்துப் பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறார்.

முதல் படத்தின் சூடு ஆறுவதற்குள் கதையை முடித்துவிட வேண்டும், ரத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு இது.

## 1998: கோடரியோடு முடிப்பது

‘எச்20’ படம் நான்கு, ஐந்து, ஆறாம் பாகங்களை ஓரமாக வைத்துவிட்டு, இருபது வருடம் கழித்து லோரி என்ன ஆனாள் என்று கேட்கிறது. பெயரை மாற்றிக்கொண்டு, கலிஃபோர்னியாவில் ஒரு உறைவிடப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக இருக்கிறாள். 17 வயது மகன். குடிப்பழக்கம். ராத்திரி ஆனால் தூக்கம் இல்லை. ஸ்டீவ் மைனர் இயக்கிய இந்தப் படம் வெறும் 86 நிமிடம்.

இதன் கடைசி இருபது நிமிடத்துக்காகவே இந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கதவின் வட்டக் கண்ணாடிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாக இருபது வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்க்கிறார்கள். அப்புறம் மகனை வெளியே அனுப்பிவிட்டு, கேட்டைத் திறக்கும் பொத்தானை உடைத்து, தன்னையே உள்ளே அடைத்துக்கொண்டு, கோடரியோடு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அதுவரை ஓடிய பெண் ஓட்டத்தை நிறுத்துகிற இடம். முடிவில் வண்டிக்கும் மரத்துக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் மைக்கேல் கையை நீட்டுகிறான். அவளும் ஒரு கணம் கையை நீட்டுகிறாள். விரல்கள் கிட்டத்தட்ட தொட்டுவிடும். அப்புறம் கோடரி இறங்குகிறது, தலை உருள்கிறது, படம் முடிகிறது. ஒரு வசனம் கூடக் கிடையாது.

லோரிக்கு நியாயம் என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் நான்கில் முதல் இடம் இதற்குத்தான். மற்ற விஷயங்களில் படம் அந்தக் காலத்து டீன் ஏஜ் திகில் பட அச்சில் வார்த்தது. மைக்கேலின் முகமூடி காட்சிக்குக் காட்சி மாறுகிறது. ஒரு ஷாட்டில் கம்ப்யூட்டரில் வரைந்து ஒட்டியிருக்கிறார்கள். தெரிந்துவிட்டால் சிரிப்பு வரும்.

செலவு? 2002இல் வந்த அடுத்த படம். அதன் ஆரம்பத்திலேயே, தலை போனது மைக்கேல் இல்லை, தொண்டை நசுக்கப்பட்டு முகமூடி மாட்டிவிடப்பட்ட ஒரு ஆம்புலன்ஸ் ஊழியர் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணத்தில் 1998இன் முழு க்ளைமாக்ஸும் ஓர் அப்பாவியைக் கொன்ற கதை ஆகிறது. போதாக்குறைக்கு லோரியையும் முதல் சில நிமிடங்களிலேயே தீர்த்துவிடுகிறார்கள். மைக்கேல் நிஜமாகச் சாகக்கூடாது என்பதில் உரிமை வைத்திருந்த தரப்பு பிடிவாதமாக இருந்ததன் விளைவு இது.

எனவே இந்தப் பாதையில் ஒரே நிபந்தனை: 1998இல் நிறுத்தினால் நிறுத்திவிட வேண்டும். ‘அடுத்தது என்ன ஆச்சு’ என்று ஆர்வப்படுகிற ஆள் நீங்கள் என்றால் இது உங்களுக்கு ஆகாது.

## 2018: எரியும் நிலவறையில் முடிப்பது

2018 படத்தை இயக்கிய டேவிட் கார்டன் கிரீனும் அவரோடு சேர்ந்து எழுதிய டேனி மெக்பிரைடும் செய்தது எளிமையான வேலை. 1978க்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார்கள். தங்கை என்ற விஷயத்தைக்கூட ஊர்க்காரர்கள் கட்டிவிட்ட கதை என்று பேத்தி அலிசன் வாயால் ஒரு வரியில் தள்ளிவிட்டார்கள். சாவி வைக்கப் போனதால் மாட்டிக்கொண்ட பெண் என்ற பழைய பயம் திரும்பக் கிடைத்தது. கார்ப்பெண்டர் இசைக்குத் திரும்பினார். அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 7.6 கோடி டாலர், உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல்.

பார்வையாளர் மனநிலைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் படம் வெளியான நாளில் தியேட்டரை விட்டு வெளியே வருபவர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர். அதில் இந்தப் படத்துக்கு பி பிளஸ். திகில் படங்களுக்கு அங்கே கை நடுங்கித்தான் மார்க் போடுவார்கள் என்பதால் இது நல்ல மார்க். 2021க்கு பி மைனஸ், 2022க்கு சி பிளஸ். மூன்று படத்தில் படிப்படியாக இறங்கிய கதை அந்த மூன்று எழுத்துகளிலேயே தெரிகிறது.

முடிவில் என்ன நடக்கிறது என்றால், படம் முழுக்க லோரியைப் பைத்தியம் என்று நினைக்கிற மகள் கேரன், நிலவறையில் துப்பாக்கியோடு நடுங்கிக்கொண்டு “என்னால முடியல” என்று அழுகிறாள். மைக்கேல் படிக்கட்டின் மேல் தலையைக் காட்டுகிறான். அழுகை சட்டென்று நிற்கிறது, “மாட்டினியா” என்கிற தொனியில் ஒரு வார்த்தை, ஒரு குண்டு. அந்த நிலவறை ஒளிந்துகொள்வதற்காகக் கட்டியதே இல்லை, அவனைப் பிடிப்பதற்காகக் கட்டிய கூண்டு. கம்பிகள் மூடுகின்றன, வீடு எரிகிறது. மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகிறார்கள். அலிசன் கையில் கத்தி இன்னும் இருக்கிறது.

முதல் படம் மனப்பாடம் ஆனவர்களுக்கு இன்னொரு விருந்து உண்டு. 1978இல் மாடியிலிருந்து விழுந்த மைக்கேல், எட்டிப் பார்த்தால் காணாமல் போயிருப்பான். இங்கே விழுவது லோரி, எட்டிப் பார்ப்பது மைக்கேல், காணாமல் போவது அவள். இரையும் வேடனும் இடம் மாறியாயிற்று என்பதை ஒரே ஷாட்டில் சொல்லிவிட்டார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. நடுவில் மைக்கேலின் மருத்துவர் சார்ட்டெய்ன் திடீரென்று புத்தி பிசகி முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்கிற கிளைக்கதை யாருக்குமே ஒட்டவில்லை. அப்புறம், அவன் செத்ததைக் காட்டவில்லை. தீயில் அவன் நிற்பது ஒரு கணம் தெரியும், அடுத்த ஷாட்டில் இல்லை. எழுத்துகள் ஓடி முடியும்போது மூச்சுச் சத்தம் வேறு. ‘பிணத்தைப் பார்த்தால்தான் நம்புவேன்’ என்பவர்களுக்கு இது முடிவே இல்லை. ஆனால் 1978 படமும் மூச்சுச் சத்தத்தோடுதான் முடிகிறது. அதே சந்தேகத்தில் ஆரம்பித்து அதே சந்தேகத்தில் முடிப்பது எனக்குக் குறையாகப் படவில்லை.

## 2022: எல்லாம் முடிந்தது என்று முடிப்பது

இங்கேதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் நுழைவுக் கட்டணம். இந்த முடிவுக்கு வர 2021இன் ‘ஹாலோவீன் கில்ஸ்’ படத்தைத் தாண்டியாக வேண்டும். தீயணைப்புப் படையினர் வந்து மைக்கேலைக் காப்பாற்றிவிடுகிறார்கள், நன்றிக்கடனாக அவன் அத்தனை பேரையும் வெட்டுகிறான். லோரி மறுபடியும் ஆஸ்பத்திரிப் படுக்கையில், 1981 மாதிரியே. ஊர்க்கூட்டம் ஒரே கோஷத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு தவறான ஆளைத் துரத்திச் சாகடிக்கிறது. கடைசியில் கேரனும் போகிறாள். 2018இல் அவள் ‘மாட்டினியா’ என்று சுட்ட அந்தச் சந்தோஷத்துக்குப் பதில் இதுதான். 2022 முடிவைத் தேர்ந்தெடுப்பவர் 2018இன் வெற்றியை விட்டுக்கொடுக்கிறார். ஏழு மணி நேரத்தைவிட இந்தச் செலவுதான் அதிகம் வலிக்கும்.

சரி, கடைசிப் படம். லோரியோ மைக்கேலோ இல்லாமல் ஆரம்பிக்கிறது. 2019 ஹாலோவீன் இரவு. கோரி கன்னிங்ஹாம் என்ற இளைஞன் ஒரு வீட்டில் சிறுவனைப் பார்த்துக்கொள்ளப் போகிறான். பையன் விளையாட்டுக்கு அவனை மேல்மாடி அறையில் வைத்துப் பூட்டுகிறான். கோரி பதற்றத்தில் கதவை உதைக்க, கதவுக்குப் பின்னால் நின்ற பையன் கைப்பிடியைத் தாண்டிப் பல மாடி கீழே விழுகிறான். சரியாக அந்த நேரத்தில் பெற்றோர் வாசலைத் திறக்கிறார்கள். இந்த முதல் பத்துப் பதினைந்து நிமிடம் அருமையான திகில் என்பதைப் படத்தை வெறுப்பவர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மொத்தத் தொடரிலும் மனதைப் பிசைகிற சாவு இதுதான், அதில் கத்தியே இல்லை.

பிறகு படம் கோரியின் பின்னாலேயே போகிறது. ஊர் அவனைக் கொலைகாரன் என்கிறது. பள்ளி வாத்தியக்குழுப் பையன்கள் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறார்கள். சாக்கடைக் குழாய்க்குள் கிழடு தட்டிப்போய் ஒளிந்திருக்கும் மைக்கேல் அவனை உள்ளே இழுக்கிறான், கண்ணைப் பார்க்கிறான், விட்டுவிடுகிறான். அதிலிருந்து கோரி மாறுகிறான். அலிசன் அவனைக் காதலிக்கிறாள். ஒரு கட்டத்தில் மைக்கேலையே அடித்து முகமூடியைப் பிடுங்கிக்கொள்கிறான்.

மைக்கேலிடமிருந்து முகமூடியைப் பிடுங்குவது! கோபத்தின் ஊற்றுக்கண் இந்த இடம்தான். நாற்பது வருடம் யாராலும் அசைக்க முடியாத உருவத்தை ஒரு நோஞ்சான் பையன் கீழே தள்ளுகிறான் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதோடு, படத்தை விற்ற விதம் வேறு. போஸ்டரும் டிரெய்லரும் லோரியும் மைக்கேலும் மோதும் கடைசிச் சண்டை என்று அடித்துச் சொன்னன. கோரி என்று ஒருவன் இருப்பதே டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தெரியாது. மைக்கேல் முகம் காட்டுவதற்குள் படத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓடிவிடுகிறது. பிரியாணி என்று கூப்பிட்டுவிட்டு இலையில் வேறு எதையோ பரிமாறினால், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் எழுந்து போகத்தான் தோன்றும். முதல் வார இறுதியில் 4 கோடி டாலர் வசூலித்த படம் இரண்டாவது வார இறுதியில் 80 சதவீதம் சரிந்து சுமார் 80 லட்சத்தில் நின்றது. பீகாக் என்ற ஓடிடி தளத்தில் அதே நாளில் வெளியானதும் ஒரு காரணம் என்றாலும், வாய்வழிச் செய்தி எப்படிப் பரவியிருக்கும் என்று ஊகிக்க முடியும்.

இரண்டாவது புகார் லோரியைப் பற்றியது. 2018இல் மைக்கேல் மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்தபோதே வீட்டைக் கோட்டையாக்கி வைத்திருந்தவள், இப்போது மகளைக் கொன்றவன் பிடிபடாமல் எங்கோ திரியும்போது சாதாரண வீட்டில் பேத்தியோடு நினைவுக்குறிப்பு எழுதிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள். இந்தப் புகாருக்கு எதிராக நான் எந்த நல்ல பதிலும் கேட்டதில்லை. நடுவில் நாலு வருடம் போயிற்று என்பதெல்லாம் போதாது.

மறுபக்கத்து வாதத்தையும் சொல்ல வேண்டும். ஆதரிப்பவர்கள் சொல்வது: மைக்கேல் துரத்த, லோரி ஓட, மறுபடி அதையே எத்தனை தடவை எடுப்பது? பயம் ஓர் ஊரை என்ன செய்கிறது, ஊர் சேர்ந்து இன்னொரு மைக்கேலை எப்படி உருவாக்குகிறது என்று கேட்ட ஒரே தொடர்ச்சி இதுதான். அவர்கள் இன்னொன்றையும் நினைவூட்டுவார்கள். 1982இல் மைக்கேலே இல்லாமல் வந்த மூன்றாம் பாகத்தையும் அன்று இப்படித்தான் திட்டினார்கள், இன்று அதற்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. ‘எண்ட்ஸ்’ படத்தின் தொடக்க எழுத்துகள் அந்த மூன்றாம் பாகத்தின் நீல எழுத்துருவிலேயே வருகின்றன. என்ன வரப்போகிறது என்று இயக்குநர் முதல் நிமிடத்திலேயே கண்ணடித்துவிட்டார் என்று அர்த்தம்.

இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவது ஒரு கட்சி உண்டு, என் ஓட்டு அவர்களுக்குத்தான். கோரியின் கதை நல்ல கதை. ஆனால் கடைசிப் படத்தில் ஆரம்பிக்கவேண்டிய கதை இல்லை. 2021 படத்தைக் கூட்டத்தின் கோஷத்தில் வீணடிக்காமல் அங்கேயே கோரியை அறிமுகப்படுத்தியிருந்தால், 2022இல் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. ஒரு பாத்திரத்தின் மேல் பாசம் வருவதற்குள் அவனையும் கொன்று, பிறகு அவசரமாக லோரி, மைக்கேல் சண்டைக்குத் தாவுகிறார்கள்.

அந்தச் சண்டை? சமையலறையில் நடக்கிறது, குறுகலானது, மூச்சு முட்டுகிறது, நன்றாகவே இருக்கிறது. மைக்கேலின் கைகளை மேடையோடு சேர்த்துக் குத்தி, ஃப்ரிட்ஜைக் கால்மேல் சாய்த்து, கழுத்தையும் மணிக்கட்டையும் அறுக்கிறார்கள். அப்புறம் ஊரே ஊர்வலமாக வர, பிணத்தைக் கார்மேல் கட்டிக் கொண்டுபோய், பழைய வண்டிகளை அரைக்கும் இயந்திரத்தில் போடுகிறார்கள். ‘பிணத்தைக் காட்டு’ என்று கேட்டவர்களுக்கு இதற்குமேல் காட்ட எதுவும் மிச்சமில்லை. நான்கு முடிவுகளில் ஐயத்துக்கு இடமே இல்லாத முடிவு இது ஒன்றுதான். 2023இல் தொலைக்காட்சி உரிமை மிராமாக்ஸ் கைக்குப் போனதால் மைக்கேல் வேறொரு காலவரிசையில் வரலாம். இந்தக் காலவரிசையில் அவன் தூள்.

## யாருக்கு எது?

புதிதாக ஆரம்பிப்பவர்: 1978, பிறகு நேராக 2018. அங்கே நிறுத்துங்கள். இரண்டு படமும் ஒன்றையொன்று பார்த்துப் பேசுகின்றன. இடையில் வேறு எதுவும் தேவையில்லை. மூன்றே கால் மணி நேரத்தில் தொடரின் சிறந்த பகுதி கிடைத்துவிடும்.

லோரிக்காகப் பார்ப்பவர்: 1998. சோகமும் சண்டையும் ஒரே படத்தில், கச்சிதமாக. 2002 இருப்பதை யாரும் உங்களிடம் சொல்லாமல் இருக்க வேண்டும், இந்தக் கட்டுரை சொல்லிவிட்டது; பார்க்காமல் விட்டால் சரி.

முகமூடிக்காகவும் ரத்தத்துக்காகவும் பார்ப்பவர்: 1981 போதும். இன்னும் வேண்டும் என்றால் 2018க்குப் பிறகு 2021 படத்தைத் தனியாகப் பார்க்கலாம். கதையைக் கழித்துவிட்டால் அதில் கொலைகள் வகைவகையாக இருக்கின்றன. 2022 பக்கம் போக வேண்டாம், கண்டிப்பாகக் கடுப்பாகும்.

நண்பர் கூட்டத்தோடு பார்ப்பவர்: 2018. கேரன் சுடும் இடத்தில் அறையே கத்தும். 2022 படம் கூட்டத்தோடு பார்க்க ஏற்றதில்லை. நடுவில் ஒரு மணி நேரம் எல்லாரும் ஃபோனை எடுத்துவிடுவார்கள்.

திகில் படத்தில் மெதுவாக ஒருவன் கெட்டுப்போகிற கதையை ரசிப்பவர்: 2022தான். தொடரின் முடிவு என்ற பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, ஒரு சின்ன ஊரையும் ஒரு பையனையும் பற்றிய தனிப்படமாகப் பாருங்கள். சொல்லப்போனால் 2021ஐத் தாண்டிக் குதித்தால்கூடப் பெரிய நஷ்டம் இல்லை. கேரன் கொல்லப்பட்டாள், மைக்கேல் தப்பிவிட்டான் என்ற இரண்டு தகவல் போதும்.

2018, 2021 இரண்டையும் பார்த்துவிட்டு 2022க்கு முன்னால் தயங்கி நிற்பவர்: உங்களுக்கு வேறு வழி கிடையாது, பார்த்துவிடுங்கள். 2021 படம் எதையும் முடிக்காமல் விடுகிறது, அதை இறுதியாக வைத்துக்கொண்டால் மனசு ஆறாது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். ஒன்றின் கூச்சலுக்குப் பிறகு மற்றதன் மந்தம் இரட்டிப்பாகத் தெரியும், நாலைந்து நாள் விடுங்கள். கோரியின் கதை முதல் அரை மணியில் பிடிக்கவில்லை என்றால் அதற்குப் பிறகும் பிடிக்காது. அப்போது தயங்காமல் கடைசி இருபது நிமிடத்துக்கு ஓட்டிவிடலாம், சமையலறையும் அந்த இயந்திரமும் அங்கேதான் இருக்கின்றன.